மேடான்: புகையிலைச் சீமை மாநகரமான கதை

1860-களில் மேடான் என்பது டெலி ஆறும் பாபுரா ஆறும் கூடும் இடத்தில் இருந்த சிற்றூர். இன்று அது இந்தோனேசியாவின் வடக்குச் சுமத்ரா மாகாணத்தின் தலைநகரம். 2020 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேருக்கு மேல். சுமத்ரா தீவில் அதைவிடப் பெரிய நகரம் இல்லை.

இத்தனைக்கும் காரணம் சுருட்டின் மேல் சுற்றும் ஓர் இலை. 1863-இல் நியன்ஹெய்ஸ் என்ற டச்சுக்காரர் டெலி சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை நட்டார். மெல்லிய அந்த இலைக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. 1869-இல் டெலி கம்பெனி உருவானது. 1891-இல் சுல்தானின் மைமூன் அரண்மனை எழுந்தது. தோட்டப் பணத்தில் செழித்த சீன வணிகர் சோங் ஆ ஃபீ, 1909-இல் முடிந்த பெரிய பள்ளிவாசலுக்கும் நன்கொடை தந்தார்.

அன்று வேலை இனம் பார்த்தே பிரிக்கப்பட்டது. புகையிலை சீனர் கையில். சாலை போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் மாட்டு வண்டி ஓட்டுவதும் தமிழர் பங்கு. ஜாவாக்காரர்கள் பின்னால் பெருங்கூட்டமாக வந்தார்கள். 1880-இன் கூலிச் சட்டப்படி, ஒப்பந்தத்தை உதறி ஓடியவனுக்குச் சிறை. நம்மவர்களில் பலர் பினாங்கு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போட்ட சாலைகளில் இன்று மோட்டார் பெச்சா என்னும் சவாரி வண்டிகள் ஓடுகின்றன; போட்டவர்கள் பெயர் எந்தச் சாலைக்கும் நினைவில்லை.

1930-இல் நகரவாசிகளில் மூவரில் ஒருவருக்கு மேல் சீனர். பத்தாக் மக்கள் சொற்பம். 2000-இல் சீனர் பத்தில் ஒருவர் அளவுக்குச் சுருங்கினர். ஜாவாக்காரர் மூன்றில் ஒரு பங்கு. தோபா மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த பத்தாக்கர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. தமிழர் எப்போதுமே சிறுபான்மைதான். டச்சுத் தோட்டங்கள் 1950-களின் இறுதியில் அரசுடைமையாயின. ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெலி புகையிலை ஏலம் ஜெர்மனியின் பிரெமனுக்கு மாறிப் பின்னர் மெலிந்தது. பழைய புகையிலை நிலத்தில் எண்ணெய்ப்பனையும் வீட்டுமனைகளும் வந்துவிட்டன. ஊர் நடுவே இருந்த பொலோனியா விமான நிலையமும் ஒரு போலந்துத் தோட்டக்காரரின் நிலம்தான். 2013-இல் அது பயணியர் விமானங்களுக்கு மூடப்பட்டது; இப்போது பயணிகள் நகருக்கு வெளியே உள்ள குவாலாநாமு விமான நிலையத்துக்கு ரயிலில் போகிறார்கள்.

தமிழர் குடியிருந்த கம்போங் கெலிங்குக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். கெலிங் என்று கூப்பிடப்படுவதை அவர்கள் விரும்பவில்லை, மாற்றியது நியாயம். அங்கே 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பெரிய வணிக வளாகம் நிற்கிறது. கூலியாக வந்தவரின் கொள்ளுப்பேரன் இன்று அந்நாட்டுக் குடிமகன்; அவனுக்கு மேல் தோட்டத் துரை இல்லை. ஆனால் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குறைந்துவிட்டார்கள். ராஜபாளையத்தில் ராஜுக்கள் பல தலைமுறை கடந்தும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே சொந்த பந்தமும் பெண் கொடுத்தெடுக்க ஆளும் உண்டு. மேடான் தமிழருக்கு அந்த வசதி இல்லை. கடல் குறுக்கே இருந்தது. பள்ளியும் வேலையும் இந்தோனேசிய மொழியில் இருந்தன. மொழி போனதற்கு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கூலிகளுக்கு முன்பே அந்தக் கரையைத் தமிழ் தொட்டிருக்கிறது. அதே மாகாணத்தின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே, 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. மேடானைச் சுற்றி வாழும் காரோ மக்களில் செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகள் சிலவற்றுக்குச் சோலியா, பாண்டியா என்று பெயர். அவர்கள் இன்று முழுக்கக் காரோக்காரர்கள்.

2005-இல் நகரின் ஓரத்தில் வேளாங்கண்ணி அன்னைக்கு ஒரு கோயில் திறக்கப்பட்டது. இந்திய மொகலாயப் பாணிக் கோபுரங்களும் மாடங்களுமாக, பார்த்தால் தேவாலயம் என்று சட்டெனச் சொல்ல முடியாது. முன்னின்று கட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் பாரதபுத்ரா. பூசை இந்தோனேசிய மொழியில் நடக்கிறது. பத்தாக்கரும் சீனரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.