வாசல்களில் இருக்கும் பரதேசி

ஆயரின் சந்திப்புப் பணியைப் பற்றிக் கற்பிக்கையில் நோயுற்றோர், முதியோர், துயருற்ற இல்லத்தார் என வரிசைப்படுத்துவது நம் வழக்கம். இவர்கள் யாவரும் சபைப் பதிவேட்டில் பெயருள்ளவர்களே. பதிவேட்டில் இடம்பெறாதோர் வாழும் தெருவுக்கு ஆயர் எம்முறையில் செல்வது? திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டி இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது இவ்வூர். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் உலைக்கு முன் நிற்போருள் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தார். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. 2021 முதல் தமிழக அரசு இத்தகைய முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என அழைக்கிறது. பெயர் மாறியது நன்றே. குடியுரிமை நிலை மாறவில்லை.

இவ்விரு கூட்டத்தாரையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு முரண்பாடு புலப்படும். ஒடிசாக்காரர் இந்தியக் குடிமகன், வாக்குரிமை உடையவர். ஆயினும் தேநீர்க்கடையில் அவர் அந்நியரே. முகாமில் வாழ்பவரோ நம் மொழியே பேசுகிறார்; நம் வேதாகமத்தையே வாசிக்கிறார்; வண்ணம் பூசும் வேலைக்கு வெளியூர் சென்றாலும் வருகைப் பதிவு நாளில் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்த அவர் பிள்ளைக்கும், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இல்லாவிடில், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் கார்த் தொழிற்சாலைக்கு வரும் கொரிய மேலாளரை எவரும் பரதேசி என்று சொல்வதில்லை. அவர் விருந்தினர்!

திருமறை இவ்வேறுபாட்டை நன்கு அறியும். எபிரேயத்தில் 'நொக்ரி' என்பவன் தன் நாட்டோடு உறவு அறாத அயலான். வணிகத்துக்காகவும் வந்து செல்வான். 'கேர்' என்பவனோ நிலமும் உறவினர் காவலும் இன்றி மற்றோர் இனத்தாரிடையே தங்கி வாழ்பவன். உபாகமம் 14:21 இவ்விருவரையும் பிரித்தே பேசுகிறது. நமது பழைய மொழிபெயர்ப்பு 'கேர்' என்பதை ஓரிடத்தில் பரதேசி என்றும் மற்றோரிடத்தில் அந்நியன் என்றும் தருவதால், வாசகர் இதனை எளிதில் தவறவிடுகிறார். ('பரதேசி' பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகிவிட்டதும் நம் பிரசங்கத்துக்கு ஓர் இடையூறே.) ஆக, ஒருவனை 'கேர்' ஆக்குவது மொழியோ இரத்தமோ அன்று, பாதுகாப்பின்மையே. எனவேதான் உபாகமம் 24:14, 15 பரதேசியான கூலிக்காரனின் கூலி பொழுது சாயுமுன் அவன் கையில் சேரவேண்டும் என்கிறது. ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளை அவனுக்கும் உரியதாக்குகிறது.

கொரியத் திருச்சபையின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. சியோலுக்குத் தெற்கிலுள்ள ஆன்சான், தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த நகரம். அதன் வோன்கோக் பகுதியில் பல நாட்டுத் தொழிலாளர் குடியேறினர். 1990-களில் சட்டம் அவர்களைத் தொழிலாளர் என்னாது 'பயிற்சியாளர்' என்றது. எனவே தொழிலாளர்க்குரிய உரிமைகளை அவர்கள் முழுமையாகப் பெறவில்லை. புராட்டஸ்டண்டுப் போதகர் சிலர் அவர்களுக்குத் தங்குமிடம் அளித்ததோடு, கொடுபடாத கூலிக்காகவும் உடன் நின்றனர். 2004-இல் வேலை அனுமதி முறை வந்தது. ஆட்களை அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2009-இல் அப்பகுதி பல்பண்பாட்டுச் சிறப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. இன்று பயணிகள் அங்கே பல நாட்டு உணவை நாடிச் செல்கின்றனர். உணவுக்கடைகளுக்கு முன் கூலி வழக்குகள் இருந்தன என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

கும்மிடிப்பூண்டியில் தகரக் கூரையிட்ட ஓர் அறைக்குச் சென்றோம். எண்மர் தங்கும் அவ்வறையில், இரவுமுறை முடித்தவர் எழுந்த பாயில் பகல்முறை முடித்தவர் படுப்பார். முண்டா இளைஞர் ஒருவர் தம் பெட்டியிலிருந்து இந்தி வேதாகமத்தை எடுத்துக் காட்டினார். ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கோஸ்னர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர் அவர். 1845-இல் ஜெர்மானிய அருட்பணியாளர் வருகையால் தோன்றி, 1919-இல் தன்னாட்சி பெற்ற சபை அது. இங்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியும், கூப்பிடு தூரத்திலிருந்த ஆலயத்துக்குள் அவர் நுழைந்ததில்லை. எவரும் அவரை அழைத்ததுமில்லை. 2020 மே மாதத்தில் வடக்கு நோக்கி நடந்தவர்கள் இந்நெடுஞ்சாலை வழியேதான் சென்றனர். அப்போது ஆலயங்கள் அரசாணைப்படி மூடியிருந்தன. இப்போது மூடியிருப்பதற்கு ஆணை ஏதுமில்லை.

சந்திக்கச் செல்லும் ஆயர் புகைப்படக் கருவியையும் துண்டுப்பிரதியையும் விட்டுச் செல்வது நலம். முகாமுக்குள் செல்லுமுன் உரிய அனுமதி பெறவேண்டும். தொழிலாளர் அறையில், ஊர் எது, கூலி வந்ததா, காயத்துக்கு மருந்து யார் தந்தார் என்னும் வினாக்களே முதலில் வரட்டும். நேரமும் கவனிக்கத்தக்கது. காலை ஒன்பது மணி ஆராதனை இரவுமுறைத் தொழிலாளர்க்கு நடுநிசிக்குச் சமம். மாலை நான்கு மணிக்கு இந்திப் பாடல்களோடு ஓர் எளிய கூடுகை நடத்தலாம் என ஒரு சபைக்குழுவில் எடுத்துரைத்தோம். எவரும் மறுக்கவில்லை. அந்நேரத்தில் ஆலயக் கதவைத் திறந்துவிடுவது யார் பொறுப்பு என்னும் பேச்சோடு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.