ஆண் கருத்தடையை மாற்றும் முன் அறிய வேண்டியவை

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வருவார். "முன்பு ஆஸ்பத்திரியில் செய்த கருத்தடையை இப்போது மாற்றலாமா?" என்று மெதுவாகக் கேட்பார். கிராமங்களில் இக்கேள்வியை நாம் கேட்டிருக்கின்றோம். பெற்ற பிள்ளையை இழந்தவர்கள், மனைவி இறந்தபின் மறுமணம் செய்தவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடல்கோளின் பின்னர், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்குக் கருத்தடையை மாற்றும் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்துகொடுக்கத் தமிழ்நாட்டு அரசு முன்வந்தது. ஆகவே இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காணியை ஈடுவைத்தோ நகையை விற்றோ புறப்படும் முன், சில விடயங்களை அறிந்திருத்தல் அவசியம்.

வெட்டப்பட்டது எது?

விதைகளில் உண்டாகும் விந்தணுக்களை வெளியே கொண்டுசெல்பவை இரண்டு மெல்லிய குழாய்கள். கருத்தடையின்போது இவை வெட்டிக் கட்டப்படுகின்றன. அதன் பின்னரும் விதைகள் விந்தணுக்களை உண்டாக்குகின்றன. வெளியேற வழியில்லாததால் அவற்றை உடலே உறிஞ்சிக்கொள்கின்றது. ஆண்மைக்கோ உடற்பலத்துக்கோ இதனால் குறைவு வருவதில்லை. எனவே களைப்பையும் நாரிப்பிடிப்பையும் போக்கலாம் என எண்ணி இந்தச் சிகிச்சையை நாடவேண்டாம்.

வெட்டுவது எளிது, இணைப்பது கடினம்

வெட்டும் வேலை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இணைப்பதற்கு 2 முதல் 4 மணித்தியாலங்கள் செல்லலாம். குழாயின் உட்துவாரம் அரை மில்லிமீற்றர் அளவே. தலைமயிரிலும் மெல்லிய நூலினால், நுணுக்குக்காட்டியின் உதவியுடன் அதைத் தைக்க வேண்டும். இதில் நல்ல பயிற்சி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரே இதைச் செய்யவேண்டும்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. நீண்டகாலம் அடைபட்டிருந்தால், விதையை ஒட்டியுள்ள நுண்ணிய சுருள்குழாயிலும் அடைப்பு ஏற்படலாம். அப்போது சுருள்குழாயுடனேயே இணைப்பை ஏற்படுத்த வேண்டும். இது முன்னையதிலும் கடினமான வேலை. எது தேவை என்பது பெரும்பாலும் சத்திரசிகிச்சையின் போதே தெரியவரும்.

கடந்துபோன ஆண்டுகள்

அமெரிக்காவில் 5 நிலையங்களில் நுணுக்குக்காட்டியின் உதவியுடன் இச்சிகிச்சையைப் பெற்ற 1,469 ஆண்களைப் பற்றிய ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. கருத்தடை செய்து 3 ஆண்டுகளுக்குள் மாற்றியவர்களில் 100க்கு 97 பேருக்கு விந்தணுக்கள் மீண்டும் வந்தன. 76 பேரின் மனைவியர் கருவுற்றனர். 3 முதல் 8 ஆண்டுகள் சென்றவர்களில் இது 88 ஆகவும் 53 ஆகவும் இருந்தது. 9 முதல் 14 ஆண்டுகள் எனில் 79, 44. 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் சென்றவர்களில் 71, 30.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். விந்தணு திரும்பி வருவது வேறு, பிள்ளை கிடைப்பது வேறு. "100க்கு 90 பேருக்கு வெற்றி" என்று யாராவது சொன்னால், எந்த வெற்றி என்று கேளுங்கள். மேற்சொன்னவை கைதேர்ந்த நிபுணர்களின் பெறுபேறுகள் என்பதையும் மறக்கவேண்டாம்.

மனைவியையும் பரிசோதியுங்கள்

பலர் செய்யும் தவறு, கணவனை மட்டும் வைத்தியரிடம் காட்டுவது. மனைவிக்கு 35 வயது கடந்தால் கருவுறும் வாய்ப்புக் குறையத் தொடங்குகின்றது. 40க்குப் பின்னர் மிகவும் குறைகின்றது. அவருக்கும் கருத்தடை செய்யப்பட்டிருந்தால், கணவனுக்கு மட்டும் செய்யும் சிகிச்சையால் பயனில்லை. எனவே பணம் கட்டும் முன் இருவரும் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசினால் எங்கே போகலாம் என்று வழிகாட்டுவார்.

சிகிச்சைக்குப் பின்

மூன்று, நான்கு வாரங்களுக்கு மூடை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல், சைக்கிள் ஓடுதல் கூடாது. உடலுறவையும் வைத்தியர் சொல்லும்வரை தவிர்க்கவேண்டும். ஆகவே விதைப்பும் அறுவடையும் இல்லாத காலத்தைத் தெரிவுசெய்வது நல்லது. இரண்டு, மூன்று மாதங்களில் விந்துப் பரிசோதனை செய்வார்கள். விந்தணுக்கள் வர அதற்கு மேலும் காலம் எடுக்கலாம். கருவுற ஓராண்டோ அதற்கு மேலோ செல்லலாம். சிலரில் இணைத்த இடம் தழும்பினால் மீண்டும் அடைபடுவதும் உண்டு.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. இச்சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கின்றீர்கள்? நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்துகின்றீர்களா?

2. சுருள்குழாயில் அடைப்பு இருந்தால் அதையும் அன்றே சரிசெய்ய முடியுமா?

3. உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை கிடைத்தது?

4. பரிசோதனை, மருந்து, தங்குமிடம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

5. விதையிலிருந்து விந்தணுவை எடுத்து, மனைவியின் முட்டையுடன் ஆய்வுகூடத்தில் சேர்க்கும் முறை எமக்குப் பொருத்தமா?

ஐந்தாவதாகச் சொன்ன முறை 1990களில் நடைமுறைக்கு வந்தது. செலவு கூடியது, மனைவியும் பல ஊசிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். என்றாலும் மனைவிக்கு வயது கூடியிருந்தால் காலத்தை மிச்சப்படுத்தலாம். நீதிமன்றத்தின் மூலம் சட்டப்படி பிள்ளையொன்றை மகவேற்புச் செய்யும் வழியும் உண்டு.

இறுதியாக, இனிமேல் கருத்தடை செய்ய எண்ணும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "தேவையென்றால் பிறகு மாற்றலாம்" என்ற எண்ணத்துடன் அதைச் செய்யவேண்டாம். அது நிரந்தரமானது என்று இருவரும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே செய்யுங்கள். மாற்ற விரும்புபவர்களோ தயங்கித் தயங்கி ஆண்டுகளைக் கழிக்காமல், மனைவியுடன் அடுத்த கிளினிக்குக்கே செல்லுங்கள். கேட்பதற்குப் பணம் தேவையில்லை. தாமதிப்பதனால் இழப்பதை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.