மெரிவெதர் லூயிசின் மரணம்: சான்றுகளை நிறுக்குமாறு

அமெரிக்கக் கண்டத்தின் மேற்றிசையை ஆராய்ந்தோருள் தலையாயவர் மெரிவெதர் லூயிஸ். 1804 முதல் 1806 வரை வில்லியம் கிளாக் என்பாருடன் மிசூரி ஆற்றுவழியே சென்று, பசிபிக் சமுத்திரக் கரையை அடைந்து மீண்டவர். பின்னர் லூசியானா ஆள்புலத்தின் தேசாதிபதியானவர். அத்தகையவர் 1809 ஒக்டோபர் 11ஆம் நாள், 35 வயதினராக, தெனசிக் காட்டுப்பாதையிலிருந்த கிறைண்டர் விடுதியிலே குண்டுக் காயங்களால் இறந்தார். அது தற்கொலையோ கொலையோ என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை.

முதற்கண் அவரது நிலையை நோக்குவோம். அவர் அரச அலுவலுக்காகச் செய்த செலவொன்றை ஏற்க யுத்த இலாகா 1809 யூலையில் மறுத்தது. கடன் கொடுத்தோர் நெருக்கினர். கணக்கைத் தீர்ப்பதற்காகத் தம் பயணக் குறிப்பேடுகளுடன் வாசிங்டன் நோக்கிப் புறப்பட்ட அவர், வழியிலேயே மரணசாசனம் எழுதினார். பிக்கெறிங் கோட்டைத் தளபதி றசல், லூயிஸ் படகிலே இருமுறை தம்முயிரை மாய்க்க முயன்றதாகக் கேள்வியுற்று, அவரைச் சில நாள் காவலில் வைத்துப் பேணினார்.

இறந்த இரவில் நிகழ்ந்ததை நேரிற் கண்டார் எவருமிலர். வெடியோசை கேட்டவள் விடுதிக்காரரின் மனைவி. ஒரு வாரத்தின் பின் நீலி என்னும் அதிகாரி ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தின்படி, அவள் பணியாளரை எழுப்பினாள். அவர்கள் வந்தபோது காலங் கடந்துவிட்டது. 1810இல் பறவையியலறிஞர் அலெக்சாந்தர் வில்சனிடம் அவள் கூறியதோ வேறு: அச்சத்தால் விடியும்வரை வெளிவராதிருந்தாளாம். பல்லாண்டுகளின் பின் அவள் கூறியதாக வழங்கும் கதையிலே புதிதாக மூவர் தோன்றுகின்றனர்.

கொலையென்பார் இம்முரண்பாடுகளையே பற்றுக்கோடாகக் கொள்வர். துப்பாக்கியிற் கைதேர்ந்தவருக்கு இரு குண்டுகள் வேண்டுமோ என்றும் வினவுவர். அப்பாதையிற் கள்வர் திரிந்தமையையும் காட்டுவர். 1848இல் நினைவுத்தூண் எழுப்பிய தெனசிக் குழுவினரும் கொலையே பொருந்துமென்றனர். எனினும் அதற்குக் காரணம் எதுவும் காட்டினாரல்லர்.

சான்றாளர் நிகழ்ச்சிக்கும் மாந்தருக்கும் எத்துணை அண்மையர் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்க அளவுகோல். லூயிசை நன்கறிந்தோர் இருவர். செய்தியைப் பத்திரிகையிற் படித்த கிளாக், நண்பரின் மனச்சுமையே அவரை வென்றதென அஞ்சினார். லூயிசைத் தம் அந்தரங்கச் செயலாளராக வைத்திருந்த ஜெபர்சன், அவரிடத்து மனச்சோர்வு நோயை முன்னரே கண்டதாக 1813இல் எழுதினார். கொலையை ஐயுற அவ்விருவருக்கும் காரணமிருந்திருப்பின், அவர்கள் வாளாவிருந்திருப்பார்களோ? விடுதிக்காரியின் சொல் முரண்படுவது அவள் நினைவின் குறையை அல்லது அச்சத்தைக் காட்டுமேயன்றிக் கொலைகாரனைக் காட்டாது.

1996இல் தெனசியிலே நிகழ்ந்த மரண விசாரணையின் யூரிமார், உடலைத் தோண்டியெடுத்து ஆராயுமாறு பரிந்துரைத்தனர். தேசியப் பூங்காச் சேவை அதற்கு இசையவில்லை. ஆகவே முடிந்த முடிபு கூறல் இயலாது. எனினும் இன்றுள்ள சான்றுகள் தற்கொலையின் பக்கமே சாய்கின்றன.

வீரனொருவன் தன்னைத்தானே மாய்த்தான் என்பதை ஏற்க மனம் கூசுவதாலேயே பலர் கொலைகாரனைத் தேடுகின்றனர். மனநோய் இழிவன்று, அது நோயே. அதனை ஒப்புக்கொள்வதால் பசிபிக் கரைவரை சென்று மீண்ட பெருமகனின் புகழ் ஒரு சிறிதும் குன்றாது. நாம் விரும்புவதையன்றிச் சான்று காட்டுவதையே ஏற்றல் வரலாறு கற்போர் கடனாகும்.