கணிப்பொறிப் பெட்டிக்குள் கம்பிகள்

புணேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறி இடம் பெற்றுவிட்டது. பிள்ளைகளின் படிப்பை எண்ணி மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அப்பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டும் இளைஞர்களும் உளர். பிராசஸரையும் மெமரியையும் பல நாள் ஆராய்ந்து வாங்கும் அவர்கள், கம்பிகளை மட்டும் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகின்றனர். கம்பிகளைத் தெரிந்தெடுப்பதில் பாதுகாப்பு, காற்றோட்டம், அழகு என மூன்று நோக்கங்கள் உண்டு. அவற்றை இவ்வரிசையிலேயே கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

கம்பியின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் பெருங் கணிப்பொறிகளை அமைத்த அறிஞர்கள். அமெரிக்காவில் ஸீமோர் க்ரே அமைத்த க்ரே-1 என்னும் பொறி 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. வளைந்து நிற்கும் அதன் வடிவம் பார்வைக்கு ஏற்பட்டதன்று. உட்புறக் கம்பிகளின் நீளத்தைக் குறைப்பதற்கு ஏற்பட்டது. அடியில் சுற்றிலும் உள்ள மெத்தை ஆசனங்களுக்குள் மின்சாரம் வழங்கும் கருவிகள் மறைந்திருந்தன. பயன் கருதிச் செய்தது அழகாகவும் அமைந்தது. இத்தகைய பொறிகள் நம் நாட்டுக்கு விரும்பியவாறு கிடைக்காமற் போனமையால் 1988இல் புணேயில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 உருவாயிற்று. நாம் வாழும் ஊருக்கு இது பெருமையன்றோ!

இனி வீட்டுப் பெட்டிக்கு வருவோம். முன்னாளில் ஹார்டு டிஸ்கை இணைத்தது ஏறக்குறைய இரண்டு அங்குல அகலமுள்ள தட்டை நாடாக் கம்பி. அது விசிறியின் காற்றுக்குத் திரைபோல் குறுக்கே நின்றது. அதனைக் கீறி உருட்டிக் கட்டியவர்களும் இருந்தனர். ஆனால் பிற்கால நாடாவில் இருந்த எண்பது இழைகளில் ஒன்றுவிட்டு ஒன்று, அடுத்த இழையின் சமிக்ஞையைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. வரிசை குலைந்தால் செய்தி பிழைபடக்கூடும். 2003 முதல் பரவிய ஸாட்டா கம்பியில் ஏழே இழைகள். ஆதலின் அது மெல்லியது. இன்றைய எம்.2 டிஸ்க் மதர்போர்டிலேயே பொருந்துவதால் அதற்குக் கம்பியே வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர்க்கு இதுவே சிறந்த வழி.

மின்சாரக் கம்பிகளில்தான் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். வேண்டிய கம்பியை மட்டும் செருகிக்கொள்ளும் பவர் ஸப்ளைகள் கிடைக்கின்றன; உபரிக் கம்பி பெட்டியை அடைக்காது என்பது அவற்றின் நன்மை. ஆனால் ஒரு கம்பெனியின் கம்பியை மற்றொரு கம்பெனியின் பவர் ஸப்ளையில் செருகலாகாது. முனை ஒன்றுபோல் பொருந்தினும் உள்ளே இழைகளின் வரிசை வேறாக இருக்கும். 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் டிஸ்க் கருகிவிடும். அதிலுள்ள பாடங்களும் குடும்பப் படங்களும் போய்விடும். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் இவ்வரிசை மாறுவதுண்டு. வண்ணக் கம்பி வேண்டுவோர், தம் பவர் ஸப்ளையின் மாடலுக்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குக. பவர் ஸப்ளையின் கம்பியோடு கோத்து நீட்டும் நீட்டிப்புக் கம்பியில் இவ்வபாயம் குறைவு.

பெரிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கான புதுவகை முனை 600 வாட் வரை தாங்கும். 2022இல் சில இடங்களில் அது உருகியது. முழுவதும் அழுந்தச் செருகாமை அதற்கு ஒரு காரணமெனக் கண்டறியப்பட்டது. முனையருகிலேயே கம்பியை மடக்குவதும் தகாது.

ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு சிக்னல் ரிலே அறை நல்ல பாடம். அங்கே கம்பிகள் சேர்த்துக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றும் அடையாளச் சீட்டுடன் நிற்கும். பழுது வந்தால் தேடி அலைய வேண்டுவதில்லை. வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. கம்பிகளை மதர்போர்டின் பின்புறமாகக் கொண்டு சென்று, தேவையான இடத்தில் மட்டும் முன்னே எடுங்கள். பிரித்துக் கட்ட வசதியான ஒட்டுப்பட்டை, வெட்டி எறியும் நைலான் கட்டைவிட நன்று. முன் விசிறிக்கும் பின் விசிறிக்கும் இடையே கம்பி தொங்கலாகாது. விசிறி இறக்கையில் படவே கூடாது.

இவ்வளவு செய்தும் வெப்பம் பெரிதும் குறையுமென்று எண்ண வேண்டாம். மெல்லிய கம்பிகளால் குறையும் சூடு சிறிதே. காற்றை நடத்துவது விசிறி; அதனைத் தடுப்பது பெரும்பாலும் தூசி. புணேயின் சித்திரை வெயிலில் வலையில் படிந்த தூசியைத் துடைப்பது, விலையுயர்ந்த வண்ணக் கம்பியைவிட அதிகப் பயன் தரும். ஒழுங்காகக் கட்டிய பெட்டியில் தூசியைத் துடைப்பதும் எளிது.

ஆதலின் நேயர்களே, பொருந்தும் கம்பியா என்று முதலில் கேளுங்கள். காற்றுக்கு வழி விடுமா என்று பின்னர் பாருங்கள். நிறத்தைக் கடைசியாகத் தெரிந்தெடுங்கள். அவ்வாறு செய்த பெட்டி பார்வைக்கும் நன்றாயிருக்கும். பிள்ளைகளின் கல்விக்கும் நெடுநாள் துணை நிற்கும்.