தாமதமாகக் கேட்ட குரல்

உயிரோடிருந்தபோது மூன்றே ஆல்பங்கள். எதுவும் விற்கவில்லை. 26 வயதில் மறைந்த நிக் டிரேக்கை உலகம் கண்டெடுத்த கதை ரங்கூனில் தொடங்குகிறது.

1999-ன் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார் விளம்பரம் ஓடத் தொடங்கியது. கூரை திறந்த ஃபோக்ஸ்வாகன். உள்ளே நான்கு இளைஞர்கள். நிலா வெளிச்சத்தில் மரங்களுக்கு நடுவே வண்டி போகிறது. யாரும் பேசுவதில்லை. விருந்து நடக்கும் வீட்டு வாசலை அடைகிறார்கள். உள்ளிருந்து கூச்சல். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வண்டி மறுபடியும் சாலைக்கே திரும்புகிறது. பின்னணியில் ஒரு கித்தாரும் காதருகே பேசுவதுபோன்ற ஓர் ஆண் குரலும் மட்டுமே.

விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பலர் காரை மறந்துவிட்டுப் பாட்டைத் தேடிப் போனார்கள். பாட்டின் பெயர் ‘பிங்க் மூன்’. பாடியவர் நிக் டிரேக். 1972-ல் வெளிவந்தபோது சீந்துவாரின்றிக் கிடந்த அந்த ஆல்பம், 28 ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கடைகளில் பறந்தது. அதைக் கொண்டாட டிரேக் இல்லை. அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஆறடிக்கு மேல் உயரம், கூன் விழுந்த தோள், முகத்தை மறைக்கும் முடி. டிரேக்கின் உருவம் இன்று நமக்குக் கிடைப்பது புகைப்படங்களில் மட்டுமே. வளர்ந்த வயதில் அவர் பாடுவதையோ நடப்பதையோ காட்டும் படச்சுருள் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. 1969-க்கும் 1972-க்கும் இடையே வந்த மூன்று ஆல்பங்களில் ஒன்றுகூட அப்போது 5,000 பிரதிகளைத் தாண்டவில்லை. ஆனால் இன்று ஆங்கிலத்தில் கித்தாரோடு தனியாகப் பாடும் எந்தக் கலைஞரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

இந்தக் கதைக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. டிரேக் பிறந்தது 1948 ஜூன் 19-ல், ரங்கூனில். தந்தை ராட்னி டிரேக், பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். தேக்கு வியாபாரத்தில் கொழித்த நிறுவனம் அது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். தாய் மாலி, ரங்கூனிலேயே பிறந்தவர்.

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். மாலியும் சகோதரி நான்சியும்கூட அந்த வருடம் அகதிகளாக டெல்லி வந்து சேர்ந்தவர்கள். சகோதரிகள் இருவரும் ஆல் இண்டியா ரேடியோவில் சேர்ந்து பாடினார்கள். 1944-ல் மூத்த மகள் கேப்ரியல் லாகூரில் பிறந்தார். பின்னாளில் நடிகையான அவர்தான் தம்பியின் இசையை இன்றுவரை பேணிக் காப்பவர். போர் முடிந்து பர்மா திரும்பிய குடும்பம், 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய், வார்விக்‌ஷயரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. வீட்டின் பெயர் ஃபார் லேஸ்.

அந்த வீட்டில் மாலி பியானோ முன் அமர்ந்து தானே எழுதிய பாடல்களைப் பாடுவார். மேடை ஏறவில்லை, தட்டு வெளியிடவில்லை. கணவர் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்ததோடு சரி. 2013-ல்தான் அவை தனி ஆல்பமாக வெளிவந்தன. கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். எதிர்பாராத இடத்தில் திரும்பும் மெட்டு, சிரித்துக்கொண்டே சொல்லப்படும் துயரம்: மகனிடம் பார்த்து வியந்த எல்லாமே தாயிடம் இருந்தது. டிரேக்கின் குரல் எங்கிருந்து வந்தது என்ற நெடுநாள் கேள்விக்கு, வீட்டு வரவேற்பறையிலேயே பதில் இருந்திருக்கிறது.

மார்ல்பரோ பள்ளியில் டிரேக் நல்ல ஓட்டக்காரர். பியானோ, கிளாரினெட், சாக்ஸஃபோன் மூன்றும் வாசித்தார். 1965-ல் 13 பவுண்டுக்கு முதல் கித்தார் வாங்கினார். 1967-ல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ராவான்ஸ் நகரில் சில மாதங்கள், பிறகு கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியப் படிப்பு. பாடங்களைவிடக் கித்தாரோடுதான் அதிக நேரம் கழிந்தது.

லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் அவரைக் கேட்ட ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ், தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொல்ல, ஐலண்ட் நிறுவனத்தின் கதவு திறந்தது. கூச்ச சுபாவம் கொண்ட, ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்கத் தயங்கிய அந்த மாணவர், இசை என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் ஆல்பத்துக்கு பாய்ட் ஓர் அனுபவசாலியை ஏற்பாடு செய்ய, அவரது வாத்திய அமைப்பு டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கர்பியை அழைத்து வந்தார். தட்டுக்கு இசை அமைத்து முன்பின் பழக்கமில்லாத மாணவர் அவர். ஆனால் அந்தத் தேர்வு சரி என்பதை 1969-ல் வந்த ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ நிரூபித்தது. சிகரெட் சுற்றும் தாள் கட்டில், இன்னும் ஐந்து தாள்தான் பாக்கி என்று எச்சரிக்கும் சீட்டிலிருந்து எடுத்த தலைப்பு அது.

அந்த ஆல்பத்தின் ‘ரிவர் மேன்’ பாட்டு மட்டும் கர்பியிடம் போகவில்லை. தன்னால் முடியாது என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, ஹாரி ராபின்சன் என்ற மூத்தவர் வயலின்களை அமைத்தார். நான்கு எண்ணிக்கையிலேயே ஓடும் மேற்கத்திய ஜனரஞ்சகப் பாடல்களுக்கு நடுவே இது ஐந்து எண்ணிக்கையில் நகர்கிறது. ‘தகதகிட’ என்று தொடையில் தாளம் போட்டுக் கேட்டால் கர்நாடக சங்கீதம் பழகியவருக்குப் பாட்டு உடனே பிடிபடும். கித்தார் அந்த ஐந்தை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டிருக்க, குரல் அவசரமில்லாமல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. ஆறு ஓடுகிறது, ஓடுகிற மாதிரியே தெரியவில்லை.

அவரது கித்தார் ரகசியம் சுருதியில் இருக்கிறது. எல்லோரும் கட்டும் வழக்கமான சுருதியை விட்டு, கம்பிகளைத் தளர்த்தித் தன் பாட்டுக்கேற்ற புதிய சுருதிகளை அமைத்துக்கொண்டார். கட்டை விரல் கீழ்க் கம்பிகளில் தாளத்தைக் காக்க, மற்ற விரல்கள் மேலே தனி மெட்டு பின்னும். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே முதல்முறை கேட்பவர்கள் நினைக்கிறார்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வரமாக இருந்த அந்தச் சுருதிகளே மேடையில் சாபமாகின. ஒவ்வொரு பாட்டுக்கும் கித்தாரை மறுபடி கட்ட வேண்டும். அதுவரை சபையைப் பேசிச் சமாளிக்க அவருக்குத் தெரியாது. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கவனத்தோடு கேட்ட கூட்டம் கிடைத்தது. மது விடுதிகளிலும் கல்லூரிகளிலும் அரட்டைச் சத்தம் அவரை மூழ்கடித்தது. 1970-ல் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பாட்டின் பாதியிலேயே எழுந்து போனார். அதன் பிறகு மேடை அநேகமாக முடிந்தது. கச்சேரி இல்லை, பேட்டி இல்லை என்றால் தட்டு எப்படி விற்கும்?

1971-ல் வந்த ‘பிரைட்டர் லேட்டர்’ வெற்றி பெறும் என்று பாய்ட் உறுதியாக நம்பினார். ஜான் கேல் போன்ற பெரிய கைகள் வாசித்திருந்தன. ‘நார்தர்ன் ஸ்கை’ என்ற காதல் பாட்டு அதில்தான் இருக்கிறது. அதுவும் போகவில்லை. பாய்ட் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். போகும்போது ஒரு நிபந்தனை விதித்தார்: டிரேக்கின் ஆல்பங்களை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக்கூடாது. விற்காத தட்டுகள் ஓரிரு வருடத்தில் காணாமல் போகும் தொழிலில், பின்னால் வந்தவர்கள் டிரேக்கைக் கண்டெடுக்க முடிந்ததற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம்.

அதற்குள் நோய் முற்றியிருந்தது. நண்பர்கள் வீட்டுக்கு வருவார், மணிக்கணக்கில் மௌனமாக உட்காருவார், சொல்லாமல் போய்விடுவார். 1971-ல் குடும்பத்தார் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தரப்பட்டது. மாத்திரை சாப்பிடுவதே அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, ‘பிங்க் மூன்’ பதிவானது. 11 பாடல்கள், 28 நிமிடம். குரல், கித்தார், தலைப்புப் பாட்டில் மட்டும் சில துளி பியானோ. அவ்வளவுதான்.

பிறகு பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார். 1972-ல் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். 1974-ல் லண்டன் வந்த பாய்டிடம் டிரேக் கோபமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: நான் மேதை என்றால், என்னிடம் ஏன் பணமோ பெயரோ இல்லை? பாய்டிடம் பதில் இல்லை. அந்த வருடம் மேலும் சில பாடல்கள் பதிவாயின. ஒரே நேரத்தில் வாசிக்கவும் பாடவும் முடியாமல் கித்தாரைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் பாரிஸ் போய் வந்தார். மகன் சற்றுத் தேறுவதாக வீட்டில் நம்பிக்கை பிறந்தது. 1974 நவம்பர் 25 அன்று காலை அவர் படுக்கையை விட்டு எழவில்லை. மாத்திரையின் அளவு மீறியிருந்தது. தற்கொலை என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தூக்கம் வராத இரவில் கணக்குத் தவறிய விபத்தாக இருக்கலாம் என்று நம்பியவர்கள் இன்றும் உண்டு. அக்காலத்து மனச்சோர்வு மாத்திரைகள், இன்று பரவலாகத் தரப்படுபவற்றைவிட, அளவு மீறினால் உயிருக்கு அதிக ஆபத்தானவை.

விளம்பரத்துக்கு முன்பே வாய்மொழியாக ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. 1979-ல் மூன்று ஆல்பங்களும் ‘ஃப்ரூட் ட்ரீ’ என்ற தொகுப்பாக வெளிவந்தன. 1985-ல் ட்ரீம் அகாடமி குழு தன் வெற்றிப் பாடலை அவருக்குக் காணிக்கையாக்கியது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் இளைஞர்கள் ஃபார் லேஸ் வாசலில் வந்து நின்றார்கள். ராட்னியும் மாலியும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தேநீர் கொடுத்து, மகனின் அறையைக் காட்டினார்கள். வீட்டு நாடாக்களையும் போட்டுக் காட்டினார்கள். ராட்னி 1988-லும் மாலி 1993-லும் காலமானார்கள். புகழின் பெரிய அலையை இருவருமே பார்க்கவில்லை.

அந்த அலை ஒரு தவறான டிரேக்கையும் கூடவே கொண்டுவந்தது. சாவுக்குக் காத்திருந்த கவிஞன், ஒவ்வொரு பாட்டிலும் முடிவை முன்கூட்டி எழுதிவைத்தவன் என்ற படம் அது. இறந்த பின் வரும் புகழைப் பற்றி அவர் இருபது வயதில் ஒரு பாட்டு எழுதியது உண்மைதான். கீட்ஸையும் பிளேக்கையும் படித்துக்கொண்டிருக்கும் எந்த இலக்கிய மாணவரும் அந்த வயதில் எழுதக்கூடிய பாட்டு அது. நோய் அவருக்குப் பாட்டைத் தரவில்லை. பாட்டை அவரிடமிருந்து பறித்தது. 23 வயதுக்குள் மூன்று ஆல்பம் முடித்தவர், அடுத்த மூன்று வருடங்களில் ஒரு கைக்குள் அடங்கும் பாடல்களைத்தான் பதிவு செய்ய முடிந்தது. கணக்கு அவ்வளவு தெளிவானது.

2025-ல் முதல் ஆல்பத்தின் ஆரம்பகாலப் பதிவுகள் தனித் தொகுப்பாக வெளிவந்தன. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப முயன்று பார்த்து, தனக்கு வேண்டியது இதுதான் என்று தெரிந்து வேலை செய்யும் ஓர் இளைஞர் அவற்றில் கேட்கிறார். சோக நாயகர் அங்கே இல்லை, உழைப்பாளிதான் இருக்கிறார்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘பிங்க் மூனி’ல் தொடங்கி, கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நாவலைத் திறப்பதுபோல் பின்னோக்கிப் போகிறார்கள். அவர் பாடிய வரிசையிலேயே போவது நல்லது. முதலில் ‘ரிவர் மேன்’. பிறகு ‘நார்தர்ன் ஸ்கை’: அவர் மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. ‘பிங்க் மூன்’ அதற்கப்புறம் ஓர் இரவில், ஒரே மூச்சில். அதோடு நிறுத்தாமல் மாலியின் பாடல்களையும் கேட்க வேண்டும். டெல்லி வானொலியில் சகோதரியோடு பாடிய குரல் அது. அதைக் கேட்டபின் டிரேக்கின் தனிமை அவ்வளவு தனியாகத் தெரிவதில்லை.