திரை நோக்குவோரும் அவர்தம் தீர்ப்பும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளில் மாசித் திங்களில் காமன் கூத்து நிகழும். அங்கே ஆடுவோரும் காண்போரும் ஓர் ஊரினர், ஒருவரையொருவர் அறிந்தோர். ஆட்டம் தளர்ந்தால் அவையோர் முகஞ் சுளிப்பர், சிறந்தால் ஆரவாரிப்பர். தீர்ப்புக் கூறுவோன் யாவன் என்பதை ஆடுவோன் நன்கு அறிவான். இற்றை நாளிலோ நிலைமை வேறு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016ஆம் ஆண்டு சனவரியில் இலங்கை உள்ளிட்ட 130 நாடுகளுக்குத் தன் சேவையை விரித்தது. ஏனைய இணையத் திரைத்தளங்களும் பின்தொடர்ந்தன. இன்று பேராதனையிலும் கம்பளையிலும் மாணவர் ஒருவர் தம் கைபேசியில் தனித்திருந்து ஒரு படத்தைக் காண்கின்றார். கண்டு முடித்ததும் தம் கருத்தை உலகறியப் பதிவு செய்கின்றார். முகமறியா இவ்வவையின் தீர்ப்பை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருளாகும்.

சுவை பற்றிய ஆராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட ஆசிரியர்கள் ஒரு சுவை தோன்றும் முறையை நான்காகப் பகுத்துக் காட்டினர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனைப் பொறிகள் உணரும் உணர்வு ஒன்று. அவ்வுணர்வு உள்ளத்தில் எழுப்பும் குறிப்பு ஒன்று. அக்குறிப்பின் வழியே உடம்பில் தோன்றும் கண்ணீர், மெய்ம்மயிர் சிலிர்த்தல் போன்ற புறக்குறி ஒன்று. இந்நான்கையும் மனத்திற் கொண்டு இணையத்தில் வெளிவரும் கருத்துக்களை நோக்கின், அவற்றுட் பெரும்பாலன நான்காவதை மாத்திரமே பதிவு செய்வன என்பது புலனாகும். விரலால் ஒரு விண்மீனைத் தொடுதல் ஒரு புறக்குறியே. எப்பொருள் கண்டு, எதனை உணர்ந்து, யாது கருதி அவர் தொட்டார் என்பது அதனால் விளங்குவதில்லை.

எண்களைக் கொண்டு தெளியலாம் எனின், அவ்வெண்கள் பிறக்கும் வழியை முதலில் அறிதல் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தளம் 2017இல் ஐந்து விண்மீன் முறையைக் கைவிட்டு, பெருவிரலை உயர்த்துதல் அல்லது தாழ்த்துதல் என்னும் இரண்டே குறிகளை ஏற்றது. 2022இல் இரட்டைப் பெருவிரல் ஒன்றைச் சேர்த்தது. ‘இத்தனை பேர் கண்டனர்’ என 2023 முதல் அது வெளியிட்டு வரும் கணக்கோ, மக்கள் கண்ட மொத்த மணித்தியாலங்களைப் படத்தின் நீளத்தால் வகுத்துப் பெறப்படுவது. வெறுத்துக்கொண்டே முழுதுங் கண்டவரும், கண்டு உருகியவரும் அக்கணக்கில் ஒன்றே. ‘ரொட்டன் டொமேட்டோஸ்’ தளத்தின் நூற்றுவீதமும் அத்தகையதே. பத்துத் திறனாய்வாளரும் ‘குறையில்லை’ என்று மட்டும் கூறின் அப்படம் நூற்றுக்கு நூறு பெறும். எழுவர் ‘ஒப்பற்றது’ எனப் போற்ற மூவர் மறுத்தால் எழுபதே பெறும். எண் பெரிதாதலால் படைப்புப் பெரிதாகிவிடாது.

இனி, காணுமுன்னரே கருத்துரைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. மேற்கூறிய ரொட்டன் டொமேட்டோஸ் தளம், வெளிவராத படங்களைப் பற்றி எவரும் கருத்தெழுத இடமளித்த தன் வழக்கத்தை 2019இல் நிறுத்த நேர்ந்தது. தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு, அமேசன் பிரைம் தளத்தில் 2021 சூன் மாதம் வெளிவந்த ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பருவமாகும். அதன் முன்னோட்டம் மே மாதம் வந்த மாத்திரத்தே, ஈழத்தமிழரை இழிவுபடுத்துவது எனக் கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டரசு தொடரைத் தடுக்குமாறு இந்திய நடுவணரசுக்கு எழுதியது. தொடர் வெளிவந்தபின் நடிப்பையும் விறுவிறுப்பையும் புகழ்ந்தோர் பலர். கண்டனம் முழுவதும் பிழையென்றோ புகழ்ச்சி முழுவதும் சரியென்றோ நாம் கொள்ள வேண்டியதில்லை. காயம்பட்ட ஒரு சமூகம் தன் உருவம் திரையில் எவ்வாறு வரையப்படுகின்றது என்று அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்துக்குச் செவிகொடுத்தலும் முறையே. ஆயினும் அச்சம் வேறு, கண்டு கூறும் மதிப்பீடு வேறு. ஒன்று மற்றதன் இடத்தைக் கவர்தல் ஆகாது.

இடமறிந்தோர் காட்சியும் இடமறியாதோர் காட்சியும் வேறுபடும் என்பதற்கு நம்மூரே சான்று பகரும். 1984இல் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்துக்கு இந்தியாவில் இசைவு கிடைக்காமையால், அதன் பல காட்சிகள் கண்டிப் பகுதியிற் படமாக்கப்பட்டன. புகழ்பெற்ற கயிற்றுப் பாலம், அந்நாளிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அண்மையிலே தொங்கியது. கதையிலோ அவ்விடம் இந்தியா. அவ்விந்தியக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுதலைக் கேட்டு நகையாதார் கண்டியில் இலர். அயல்நாட்டார்க்கு அது தோன்றாக் குறை; நமக்கோ முதலிற் கண்ணிற்படும் குறை.

இதனினும் ஆழ்ந்து நோக்கத் தக்கது, சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே ஆக்கிய ‘பாரடைஸ்’ என்னும் படம். 2023இல் பூசான் திரைப்பட விழாவிற் பரிசு பெற்று, 2024இல் இந்தியத் திரையரங்குகளில் வெளிவந்து, பின்னர் இணையவழியிலும் காணக் கிடைத்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இராமாயணத் தலங்களைக் காண மலைநாட்டுக்கு வரும் கேரளத் தம்பதியரின் கதை அது. அவர்தம் பொருள்கள் களவு போகின்றன. குற்றவாளியைப் பிடிக்குமாறு கணவன் நெருக்க, காவலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சிலரைப் பிடித்து வருத்துகின்றனர். அயலூர்ப் பார்வையாளர் இதனைக் கணவன் மனைவி உறவின் சிதைவாகக் கண்டனராயின் அதிற் பிழையில்லை. ஆயின் மலையகத்தில் வாழ்வோர்க்கு அப்படத்தின் நெஞ்சம் வேறிடத்தில் உளது. பேச வாய்ப்பின்றி நிறுத்தப்பட்ட அத்தொழிலாளரின் முகங்களே அவர் உள்ளத்தில் நிலைக்கும். மலையகத் தொழிலாளர் வாழ்வைத் திரையிற் காட்ட 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்த வி. பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவராய் இருந்தமையும் ஈண்டு நினைத்தற்குரியது.

2025 மே மாதம் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்னும் தமிழகப் படத்தையும் அவ்வாறே நோக்கலாம். நெருக்கடியால் இலங்கையினின்றும் கடல்கடந்து சென்னைக்குச் செல்லும் குடும்பத்தின் பேச்சுத் தமிழ் அங்குள்ளோர்க்கு இனிய புதுமை. யாழ்ப்பாணத்தார் அதனைத் தம் பேச்சோடு ஒப்பிட்டு நிறுப்பர். மலைநாட்டார்க்கோ அது தம் வீட்டுமொழியன்று. இலங்கைத் தமிழ் என்பது ஒன்றல்ல, பல என்பதை எடுத்துரைக்க அவரே தக்கவர்.

ஆகவே மாணவர்க்கு யாம் கூறத்தக்கது இஃதே. கண்டபின் எழுதுக. நன்று, தீது என்னும் சொல்லோடு நில்லாது, எக்காட்சி எதனால் உம்மைத் தொட்டது எனக் காட்டுக. நீர் எவ்விடத்து நின்று காண்கின்றீர் என்பதையும் மறையாது கூறுக. இணையத்தில் எழுதுவோர் காண்போருட் சிலரே. எழுதாதோர் கருத்து எக்கணக்கிலும் ஏறுவதில்லை. லயத்து வீட்டிற் பிறந்து கல்லூரி புகுந்த ஒரு மாணவர் தம் மக்களைப் பற்றிய படத்தைக் கண்டு வாளாவிருப்பாராயின், அம்மக்களைப் பற்றிய தீர்ப்பை அவர்களைக் காணாதாரே எழுதிவிடுவர். காமன் கூத்தின் அவையில் அவருடைய பாட்டனார்க்கு இருந்த உரிமை, இப்பேரவையில் அவர்க்கும் உண்டு.