மேடான் போய் வந்த நாவலாசிரியர்

செங்கோட்டையாருக்கு எல்லை என்பது புதிய சொல் அன்று. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் இவ்வூர் மலைக்கு மேற்கேயுள்ள திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலுள்ள தென்காசிக்குப் போகிறவர், எல்லையைத் தாண்டியே போய்வந்தார். பிறகு எல்லை இடம் மாறிற்று. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். போராட்டங்களுக்குப் பின் வந்ததாயினும், அம்மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. பீரங்கியோடு வரும் மாற்றம் எப்படியிருக்கும்? அதை நேரில் கண்டு தமிழில் எழுதியவர் ப. சிங்காரம்.

அவர் பிறந்தது 1920-இல், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில். மதுரையில் பள்ளிப் படிப்பு. 1938-இல், பதினெட்டாவது வயதில், கப்பலேறிச் சுமத்திராத் தீவின் மேடான் நகருக்குப் போனார். உலகம் சுற்றும் ஆசையால் போனார் என்று எண்ணிவிட வேண்டா. வட்டிக்கடை ஒன்றில் வேலைக்காகப் போனார். அந்நாளில் நம் பக்கத்து இளைஞர் பலர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனது அப்படித்தான்.

இந்த வட்டிக்கடைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருக்கும். கடைக்கு ஒரு கைப்பெட்டி. அதன் முன் தரையில் அமர்ந்தே கணக்கு எழுதுவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் அடுத்தாளாக உயர்வான். பிறகு மேலாள் ஆவான். இரவில் பாய் விரிப்பதும் அங்கேயேதான். குடும்பம் ஊரில் இருக்கும். கடிதம் கப்பலில் வரும். வெளியே மலாய், சீனம், டச்சு என்று பல மொழிகள் ஒலிக்கும். உள்ளே செட்டிநாட்டுப் பேச்சு. சிங்காரத்தின் நாவல்களில் இக்கூடத்தின் வாசனை வீசுகிறது.

1942 மார்ச்சில் ஜப்பானியர் மேடானில் புகுந்தனர். டச்சு ஆட்சி மறைந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர் திரும்பி வந்து போர் தொடுத்தனர். ஆக, நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே நகரத்தின் மேல் மூன்று கொடிகள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த தமிழனை எவரும் கருத்துக் கேட்கவில்லை. இதற்கிடையே, 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றதும், கடைப் பையன்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். சிங்காரத்துக்குச் சொந்தத் துயரமும் நேர்ந்தது. அங்கே மணந்த மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் இறந்தனர். 1946-இல் தாயகம் திரும்பினார். அதன்பின் அவர் மறுமணம் செய்யவில்லை.

1947-இல் 'தினத்தந்தி'யின் மதுரை அலுவலகத்தில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். விடுதி அறையில் தனி வாழ்க்கை. வெளிநாட்டில் விரும்பிப் படித்த ஹெமிங்வேயின் போர்க்கதைகள் அவர் நெஞ்சில் தங்கியிருந்தன. இரண்டே நாவல்கள் எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1950-இல் எழுதியது. கலைமகள் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய கடைப்பையன் ஒருவன் தன் காதலை இழப்பது அதன் கதை. 'புயலிலே ஒரு தோணி' 1962-இல் எழுதியது. அச்சேற 1972 வரை காத்திருந்தது. பல மொழிச் சொற்களும், பழம்பெருமை பேசும் தமிழரைக் கேலி செய்யும் உரையாடல்களும் நிறைந்த அந்நூலை அன்றைய வாசகர் பெரிதாக வரவேற்கவில்லை. இன்றோ தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக அதை வைத்துப் பேசுகின்றனர். புதிதாகப் படிக்கிறவர் சிறிய நாவலில் தொடங்குவதே நன்று என்பது என் கருத்து.

பெரிய நாவலின் நாயகன் பாண்டியன், தொங்கான் என்னும் மரக்கலத்தில் மேடானிலிருந்து பினாங்குக்குப் போகிறான். மலாக்கா நீரிணையில் புயல் தாக்குகிறது. வானும் கடலும் ஒன்றாய்க் கலந்த அப்பகுதியைப் படிக்கும்போது, நிலத்தில் இருக்கிறோம் என்பதே நமக்கு மறந்துபோகும். பிறகு அவன் நேதாஜியின் படையில் சேர்கிறான். போர் முடிந்தபின் சுமத்திராவுக்கே மீண்டு, டச்சுக்காரரை எதிர்த்துக் கொரில்லாக்களோடு சேர்ந்து போரிட்டு மடிகிறான். கதை நெடுகிலும் அவன் நினைவு மட்டும் மதுரைத் தெருக்களிலும் சொந்த ஊர்ச் சந்தையிலும் உலவிக்கொண்டே இருக்கும். மேடானில் இருந்த பாண்டியன் மதுரையை நினைத்தான். மதுரை விடுதியில் இருந்த சிங்காரம் மேடானை நினைத்தார். நாயகன் திரும்பவில்லை, ஆசிரியர் திரும்பினார்.

1997 டிசம்பர் 30-ஆம் நாள் அவர் காலமானார். தாம் சேர்த்த பணத்தை, ஏழை மாணவர் படிப்புக்கென்று, முன்னரே கொடுத்திருந்தார்.